நாலாம் நம்பர் பனியன்

மன்னார்குடி,
ஐப்பசி, விட்டு விட்டு மழை.

அன்புள்ள மாப்ளே,

நீ போன் செய்தபோது நான் ரோட்டில் நெல் கிளறிக்கொண்டிருந்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தவன் பேசவே இல்லை, கோபித்துக்கொள்ளாதே. குறுவை அறுத்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள். என் நெல் 21-ல் நின்றது. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக நாலு நாள். ஒருவழியாகப் போட்டாயிற்று. சம்பாவும் நட்டாயிற்று. பாமணியில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். போனில் சொல்ல வராத ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனாவை எடுத்தேன்.

என் தம்பி மகள் விஷயம். நீ கடைசியாக வந்தபோது வாசலில் சைக்கிள் பழகிக்கொண்டு உன் கால்மேல் ஏற்றினாளே, அவள்தான். இப்போது பதினொன்றாவது. இந்த ஹாக்கி ஊரில் பிறந்துவிட்டு இவளுக்குப் பாஸ்கெட்பால் பைத்தியம், நம்மைப்போல. ஆனால் இரண்டு வருஷமாக பெஞ்சுதான். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு இடம் பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண்ணுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். அந்தப் பெண் ஆடுவதை நீ பார்த்திருக்க வேண்டும். எதிரில் இரண்டு பேர் நின்றாலும் நடுவில் சந்து இருப்பதுபோலப் புகுந்து போய்விடும். நம்மவளுக்குக் கிடைப்பதெல்லாம் இருபது பாயின்ட் முன்னால் போன பிறகு, கடைசி இரண்டு நிமிஷம்.

ஆகஸ்டில் ஒரு மேட்ச். பந்தைப் பிடுங்கிக்கொண்டு தனியாக ஓடி லே-அப் போட்டு இறங்கியது அந்தப் பெண். யாரும் தொடவில்லை. வலது கால் தரையில் பட்டதும் முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது. 'டப்' என்று கேட்டதாம், பெஞ்சு வரைக்கும். வீட்டில் பாட்டி, புத்தூர் கட்டு போட்டால் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் (இந்த இடத்தில் இந்தச் சொல் வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டது). எலும்பு என்றால் கட்டலாம். இது மூட்டுக்குள் குறுக்கே ஓடுகிற ஜவ்வு. ஸ்கேனில் முழுசாக அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். குறைந்தது ஒன்பது மாதம் கோர்ட் பக்கம் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பார், பள்ளிக்கூட ஆட்டமே முடிந்துபோயிற்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டுக்கு அந்த வீடே காத்திருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு அறுவது ஆண்களைவிட ரொம்ப அதிகமாம். குதிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம், இறங்கச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று பி.டி. டீச்சர் தன்னையே நொந்துகொண்டார். இப்போது தினமும் பந்தைத் தொடுமுன் பத்து நிமிஷம், தாழ்ந்த பெஞ்சிலிருந்து குதித்து இரண்டு காலில் சத்தமில்லாமல் இறங்குகிற பயிற்சி. முழங்கால் உள்ளே சாய்ந்தால் திரும்ப ஏற வேண்டும். நமக்கு அந்தக் காலத்தில் சொன்ன ஒரே பயிற்சி, மைதானத்தைச் சுற்றி ஓடு.

சரி, நம்மவளுக்கு வருகிறேன். முதல் மேட்ச் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு தட்டினாள். எட்டு செகண்டுக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட முடியாமல் இரண்டு தடவை பந்து எதிரணிக்குப் போயிற்று. அதைவிட மோசம், வாய் திறக்கவில்லை. பாயின்ட் கார்டு என்றால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி, யாரை எங்கே உட்கார்த்துவது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவள் சாப்பிட வந்தவள் மாதிரி நின்றாள். தோற்றார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலம் நம் வீட்டுக் களத்தில் பழக்கினேன். அவள் பந்து தட்டிக்கொண்டு வர வேண்டும், நான் பின்னாலேயே போய்க்கொண்டு விரல் காட்டுவேன், எத்தனை என்று கத்த வேண்டும். முதல் வாரம் முணுமுணுத்தாள். "வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் அப்பத்தா இருக்கிறாள், அவளுக்குக் கேட்கணும்" என்றேன். அம்மாவுக்குக் காது பாதிதான் கேட்கும், உனக்குத் தெரியும். பத்தாம் நாள் போருக்குப் பின்னாலிருந்து அம்மா, "மூணுன்னுதான் சொல்றாளே, விடேன்டா அவளை!" என்று கத்தினாள்.

கண் நிமிர்ந்தது. குரலும் வந்தது. ஆனாலும் எதுவோ இறுக்கமாகவே இருந்தது. தெம்பு கொடுக்கலாம் என்று அமெரிக்க ஆட்டக்காரர் மேஜிக் ஜான்சன் கதையை எடுத்துவிட்டேன். 1980 மே மாதம். லேக்கர்ஸ் அணிக்குத் தூணாக இருந்த கரீம் அப்துல் ஜபாருக்கு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகிவிட்டது. ஆறாவது ஆட்டம் பிலடெல்பியாவில். அவர் விமானமே ஏறவில்லை. 20 வயசு மேஜிக், அந்த சீசனில்தான் அணிக்கு வந்தவர், பாயின்ட் கார்டு, போய் கரீமின் சென்டர் இடத்தில் நின்றார். 42 பாயின்ட், 15 ரீபவுண்ட், கோப்பை. நான் கை தட்டாத குறையாகச் சொல்லி முடித்தேன்.

"பெரியப்பா, அவர் ஆறடி ஒன்பது அங்குலம். நான் ஐந்தடி இரண்டு" என்றாள். சிரித்தேன். கொஞ்ச நேரம் பந்தைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு கரீம் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டாள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அடிபட்டுப் பதினெட்டு நாளாகியும் இவள் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்கவே இல்லை. பரீட்சை, மழை, சைக்கிள் பஞ்சர், ஏதாவது ஒரு சாக்கு. டீச்சர் வேறு நாலாம் நம்பர் பனியனை இவளிடம் கொடுத்திருக்கிறார். அது மடித்தபடி பீரோவில் இருக்கிறது. பழைய பதினொன்றிலேயே ஆடுகிறாள்.

மாப்ளே, அப்போது உன்னைப் பற்றிச் சொன்னேன். 1983, திருவாரூர். பனியன் நம்பரே நாலிலிருந்துதான் ஆரம்பிக்கும் அப்போது, ஒன்று இரண்டு மூன்று எல்லாம் நடுவர் விரலால் காட்டுகிற சைகைக்கு. உன்னுடையது நாலு. மூன்று பாயின்ட் கோடுகூடக் கிடையாது, அதெல்லாம் அடுத்த வருஷம் வந்த விதி. இரண்டாவது பாதியில் நீ முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நான்தான் முதலில் ஓடிவந்து தூக்கினேன் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாய். போன வருஷம் உன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூடச் சொன்னாய், நான் பாயசத்தைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

நீ விழுந்ததும் நான் எழுந்தது உண்மை. எழுந்து பனியனை டவுசருக்குள் சரியாகச் சொருகினேன். சார் என் பக்கம் பார்க்கிறாரா என்று பார்த்தேன். அவர் பார்த்தார், கையைக் காட்டினார். அதற்கப்புறம்தான் உன்னிடம் ஓடிவந்தேன்.

ஜெயித்தோம். குரூப் போட்டோவில் நீ நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய். உன் வீட்டில் முழங்காலுக்குப் பத்து போட்டுப் படுக்கவைத்தார்கள். உன் தெரு அடுத்த தெருதான். நான் வந்து பார்த்தது பதினைந்து நாள் கழித்து. வயல் வேலை என்று சொன்னேன். எந்த வயல்? அது களை எடுக்கிற காலம்கூட இல்லை. அந்த ஜவ்வுதான் உனக்கும் அறுந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு யார் ஸ்கேன் எடுத்தார்கள்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சைக்கிள் இல்லை. மத்தியானம் வந்தாள். "அழுதீங்களா ரெண்டு பேரும்?" என்று என் தம்பி மனைவி கேட்டதற்கு, "இல்ல, திட்டினா. அன்னைக்கு எட்டு செகண்ட்ல பந்து போனதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்காங்க" என்றாள்.

அடுத்த மேட்சுக்கு அந்தப் பெண் ஊன்றுகோலோடு வந்துவிட்டது. காலையில் பெய்து வெறித்திருந்தது. வேப்ப மரத்தடியில் கோர்ட் ஓரமாக ஒரு குட்டைத் தண்ணீர். டைம் அவுட்டில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண் ஊன்றுகோலின் ரப்பர் முனையைக் குட்டையில் நனைத்து, காய்ந்த சிமென்டில் கோடு போட்டுக் காட்டியது. நீ இங்கே வா, அவள் இங்கே ஸ்கிரீன் வைத்து மறிப்பாள், நீ உள்ளே போகாதே, பந்தைக் கொடு. வெயில் சுள்ளென்று இருந்தது. விசில் ஊதுவதற்குள் முதலில் போட்ட கோடு காய்ந்து மறைந்துவிட்டது.

நம்மவள் அதன்படி ஒரு தடவை ஆடினாள். அப்புறம் தன் இஷ்டத்துக்கு ஆடினாள். அதுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பெண் தானே புகுந்து போட்டுவிடும், மற்ற நாலு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். இவளுக்கு அந்த வேகம் கிடையாது, வரவும் வராது. கொடுத்துவிடுகிறாள். அந்த அணியில் உயரமான போஸ்ட் பெண் ஒன்று, இரண்டு வருஷமாக ரீபவுண்டுக்கு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதுதான் அதிகம் போட்டது. மூன்று பாயின்டில் ஜெயித்தார்கள். நாலாம் நம்பர் பனியனை மட்டும் இன்னும் எடுக்கவில்லை; பீரோவிலேயே இருக்கிறது. எடு என்று நானும் சொல்லவில்லை.

உன்னிடம் 42 வருஷமாகச் சொல்லாததை ஒரு பதினாறு வயசுப் பெண்ணிடம் முதலில் சொல்லிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். திட்டுவதென்றால் போனில் திட்டு, நெல் வேலை முடிந்துவிட்டது, எடுப்பேன்.

தை முதல் வாரம் தஞ்சாவூரில் ஆட்டம் இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறாய்தானே, இரண்டு நாள் கூட இருக்கிற மாதிரி வா. தங்கச்சியையும் அழைத்து வா. கேலரியில் படி ஏற உன்னால் முடியாது, கோர்ட் ஓரமாக நாற்காலி கேட்டு வைக்கிறேன். அந்தப் பெண்ணும் அங்கேதான் உட்காரும். மழைக்காலத்தில் முழங்கால் எப்படி வலிக்கும் என்று அது என்னிடம் கேட்டது. எனக்கு எப்படித் தெரியும், நீதான் சொல்ல வேண்டும்.

உன்,
பதினொன்றாம் நம்பர்