இரண்டு கைகளுக்கு மூன்று வேலை

அன்புள்ள செல்வி,

எட்டு மாதங்களாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் தவறுதான். நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். என் முழங்காலைத் தவிர இங்கு அனைவரும் நலம்.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் எண்டோஸ்கோபி அறையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோயாளி 68 வயதுப் பெரியவர். மயக்க மருந்தான மிடாசோலம் 2 மில்லிகிராம் நான்தான் செலுத்தினேன். ஒரு நிமிடம் கழித்தும் அவர் பேசிக்கொண்டிருந்ததால் மருத்துவர் அவசரப்படுத்த, மேலும் 1 மில்லிகிராம், அதன்மேல் வலி நீக்கும் ஃபென்டானில். சிரைவழி செலுத்தும் மிடாசோலம் முழு வேகம் காட்ட 3 முதல் 5 நிமிடங்கள் ஆகும் என்றும், முதியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்றும் செவிலிய மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். அன்று கடிகாரத்தைப் பார்க்காமல் மருத்துவரின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

பிறகு பயாப்ஸிக்காகச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதைக் கவ்வும் ஃபோர்செப்ஸைத் திறந்து மூடியபடி திரையிலேயே கண்ணாக இருந்தவள், மாதிரிக் குப்பியை எடுக்கத் திரும்பியபோதுதான் அவருடைய மார்பு அசையவில்லை என்பதைக் கண்டேன். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரோ 98 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்ற பிறகும் அந்த எண் இறங்க நேரம் பிடிக்கும். எண்டோஸ்கோபிக் குழாயை வெளியே எடுக்கச் சொல்லி, தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்து, பெயர் சொல்லி உரக்க அழைத்ததும் நீண்ட குறட்டையோடு மூச்சு வந்தது. மாலையில் அவர், "நன்றாகத் தூங்கினேன் அம்மா" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை.

"மயக்கவியல் மருத்துவர் இல்லாமல் ஊசியைத் தொடாதே" என்பாய். அறுவை அரங்கின் மகாராணி வேறென்ன சொல்வாய்? ஆனால் 2009-இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பில், எண்டோஸ்கோபி மருத்துவர்களின் மேற்பார்வையிலேயே புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 6,46,080 நிகழ்வுகளில் இறப்பு 4 மட்டுமே, மூச்சுக்குழாய் செருக நேர்ந்தவை 11. ஆகவே யார் ஊசி போடுகிறார் என்பதைவிட, போட்டவரின் கண் அதன்பின் எங்கே இருக்கிறது என்பதே என் கவலை. மிதமான மயக்கத்தில், நோயாளி நிலைப்பட்ட பிறகு, கண்காணிப்பவர் இடையில் விட்டுவிடக்கூடிய சிறு வேலைகளைச் செய்யலாம். ஆழ்ந்த மயக்கத்தில் அதுவும் கூடாது என்று அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2002-லேயே எழுதிவிட்டது. சதையைக் கவ்விய ஃபோர்செப்ஸ் இடையில் விடக்கூடிய வேலையா, நீயே சொல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாதம் முதல் புரோபோஃபாலையும் எங்களையே செலுத்தச் சொல்லப் போகிறார்களாம். மிடாசோலத்தை முறிக்க ஃப்ளூமசெனில் உண்டு, ஃபென்டானிலை முறிக்க நலாக்சோன் உண்டு. புரோபோஃபாலை முறிக்கும் மருந்தே கிடையாது. மூச்சு தானாகத் திரும்பும்வரை மூச்சுக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். கையில் ஃபோர்செப்ஸ் இருந்தால் பையை யார் அழுத்துவது?

மயக்கத்தைக் கவனிக்க மட்டும் தனியாக ஒரு செவிலியர், மூச்சு நின்ற உடனே காட்டிக்கொடுக்கும் கேப்னோகிராஃப் ஒன்று, இவ்விரண்டும் வராமல் புரோபோஃபாலைத் தொட மாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். மேட்ரன் அம்மாவின் பாணியில் இருக்கிறது என்று சிரிக்காமல், இத்துடன் உள்ள நகலைச் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் வசந்தா