15 நிமிடத்தில் என்ன கதை சொல்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களை வைத்து ரசிகர்கள் தாங்களே எடுக்கும் படங்கள், வெப் சீரிஸ்கள் பற்றி நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்கிறார்கள் என்ற தொனி கட்டுரை முழுக்க இருந்தது. மனம் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நானும் அப்படி ஒரு குறும்படத்தில் வேலை பார்த்தவன். விண்கலத்தின் கதவு தானாகத் திறக்க வேண்டும். தெர்மாகோல் பலகைக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் ஒளிந்து நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து இழுத்தோம். நடப்பவரின் வேகமும் எங்கள் கையின் வேகமும் ஒத்துப்போகவே இல்லை. கதவு ஒரு பக்கம் திறக்கும், மறுபக்கம் அப்படியே நிற்கும். அந்த ஒரு ஷாட்டுக்கு ஒரு முழு நாள் போனது. 1966-ல் தொடங்கிய அசல் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரிலும் செட்டுக்குப் பின்னால் ஆட்கள் நின்றுதான் கதவை இழுத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எங்களுக்கு வந்த பெருமிதம் இன்னும் போகவில்லை. ஒரு கதையை நேசிப்பவன் அது எப்படி உருவானது என்பதைத் தன் கையாலேயே செய்து கற்றுக்கொள்கிறான். இதில் திருட்டு எங்கே வந்தது?

கதாபாத்திரங்களின் உரிமை ஸ்டுடியோக்களுடையது என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய, ஆக்சனார் என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் படத்தின் விவகாரத்தில் ஸ்டுடியோ பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். முன்னோட்டமாக 2014-ல் வந்த படம் அசரவைத்தது உண்மை. ஆனால் முழுப் படத்துக்காக ரசிகர்களிடமிருந்து 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய பிறகு, அது பொழுதுபோக்குக்காகச் செய்வது என்று சொல்ல முடியாது. 2015 டிசம்பர் கடைசியில் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான சிபிஎஸ்ஸும் பாரமவுண்டும் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசமாக முடிந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2016 ஜூனில், அவ்விரு நிறுவனங்களும் ரசிகர் படங்களுக்கு விதிமுறைகள் வெளியிட்டன. வசூல் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது, லாபம் பார்க்கக் கூடாது, யாருக்கும் சம்பளம் கிடையாது. இவற்றில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. உரிமையாளர் வேலி போட்டுக்கொள்ளத்தான் செய்வார். என்னை வருத்துவது வேறு இரண்டு விதிகள். ஒன்று, கதை 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். போனால் போகிறது என்று இரண்டு பாகமாக 30 நிமிடம், அதற்கு மேல் தொடர்ச்சியே கூடாது. இரண்டு, ஸ்டார் ட்ரெக்கில் எப்போதாவது வேலை பார்த்தவர் யாரும் அதில் சேரக் கூடாது.

இவை எதை இல்லாமல் ஆக்குகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூ வாயேஜஸ் என்ற ரசிகர் தொடரில் 2007-ல் ஓர் அத்தியாயம் வந்தது. விபத்து ஒன்றில் சிக்கும் சுலு, ஸ்டார் ட்ரெக் கப்பலை ஓட்டுபவர், வேறொரு உலகில் 30 வருடங்களைக் கழித்துவிட்டு, ஒரு மகளோடு திரும்பி வருகிறார். கப்பலில் இருந்தவர்களுக்கோ அது சில நொடிதான். முதிய சுலுவாக நடித்தவர் அசல் தொடரில் சுலுவாக வந்த ஜார்ஜ் டகேயேதான். அசல் தொடரில் அவருக்குப் பெரும்பாலும் கப்பலை ஓட்டும் இருக்கையும் ஒன்றிரண்டு வசனங்களும்தான். இங்கே ஒரு தகப்பனின் முழு வாழ்க்கை கிடைத்தது. அடுத்த வருடம் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதின் பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இன்றைய விதிப்படி அவர் நடிக்கவும் முடியாது, அந்தக் கதையை அந்த நீளத்தில் சொல்லவும் முடியாது.

ஸ்டார் ட்ரெக் கன்டினியூஸ் என்ற ரசிகர் தொடர் இன்னொன்று. 2013-ல் வந்த முதல் அத்தியாயத்தில், 1967-ல் அசல் தொடரில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவாக நடித்த மைக்கேல் ஃபாரஸ்ட், 46 வருடம் கழித்து அதே பாத்திரத்தில் முதுமை தெரியும் முகத்தோடு வந்து நின்றார். கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்தவர், அசல் தொடரில் ஸ்காட்டியாக நடித்தவரின் மகன். 1969-ல் தொடர் நிறுத்தப்பட்டபோது பாதியில் நின்ற கப்பலின் ஐந்தாண்டுப் பயணத்துக்கு, 11 அத்தியாயம் எடுத்து 2017-ல் ஒரு முடிவு கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் எழுதாமல் விட்ட கடைசிப் பக்கம் அது.

இப்படிப்பட்ட ஆட்களால் மூலப் படைப்புக்கு நஷ்டம் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர் 1989-ல் நின்றுபோய், தொடராகத் திரும்பி வர 2005 ஆனது. அந்த வறண்ட காலத்தில் ரசிகர்கள் நடத்திய சிறு நிறுவனம் ஒன்று, உரிமை எழுத்தாளர்களிடமே இருந்த பாத்திரங்களை அவர்களிடம் முறையாகக் கேட்டு வாங்கி, 1995-ல் டவுன்டைம் என்ற வீடியோ படத்தை எடுத்தது. டாக்டர் ஹூவில் வரும் பிரிகேடியர் என்ற ராணுவ அதிகாரியின் மகள் கேட் அதில்தான் திரையில் முதலில் தோன்றினாள். 2012-ல் அந்தக் கேட்டை மூலத் தொடரே தத்தெடுத்துக்கொண்டது. இன்று அவள் இல்லாத டாக்டர் ஹூவை ரசிகர்களால் நினைத்துப் பார்க்க முடியாது. அந்தத் தொடரின் அழிந்துபோன பழைய அத்தியாயங்களின் ஒலி முழுவதும் நமக்கு மிஞ்சியிருப்பதற்கும், அன்றைக்கு டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்கள்தான் காரணம்.

ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமும் 2002-ல் ரசிகர் படங்களுக்கு விருது தரத் தொடங்கியபோது முதலில் கேலிப் படங்களையும் ஆவணப் படங்களையும் மட்டுமே அனுமதித்தது. உணர்ச்சியோடு சொல்லும் கதைகளுக்கு 2007-ல்தான் கதவு திறந்தது. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டார் வார்ஸின் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

எனவே பண வரம்பு இருக்கட்டும், நேர வரம்பை எடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். முன்பு நடித்த மூத்த கலைஞர் ஒருவர் ஆசைப்பட்டு, சம்பளம் வாங்காமல் வந்தால் அவரைத் தடுக்காதீர்கள். நம் இதழ் மீண்டும் இதைப் பற்றி எழுதும்போது, வழக்கோடு நிறுத்திவிடாமல் அந்த 15 நிமிட விதியையும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள். கட்டுரையாளர் அதற்கு முன் சுலு கதையை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்