மீட்டர் மாட்டிய பின் சொட்டும் ஆயில்: மகளுக்கு ஒரு கடிதம்

சேலம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். பழைய காருக்கு ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை வெளியில் வாங்கிப் பொருத்திய பிறகு வண்டி நிற்கும் இடமெல்லாம் சொட்டுகிறது என்றும், அங்குள்ள மெக்கானிக் எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் (கியர்பாக்ஸ் சேரும் முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டதென்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு அதற்குச் சம்மதிக்காதே, கண்ணு. மீட்டர் வரும் வரை தரை காய்ந்திருந்ததென்றால், கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உன் படத்தில் தெரிகிறபடி, பழைய ஆயில் சுவிட்ச் (அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கை எரியவைப்பது) இருந்த துளையில் ஒரு பித்தளை 'டி' மாட்டி, அதன் ஒரு வாயில் சுவிட்சையும் மறு வாயில் மீட்டரின் சென்சாரையும் பொருத்தியிருக்கிறார்கள். அந்த இடம் பிளாக்கின் பின்பகுதியில், கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே கசியும் ஆயில் பிளாக்கின் மேல் வழிந்து இறங்கி, வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றில் இன்னும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கியர்பாக்ஸின் அடியில் வந்து சொட்டும். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது பின்பக்க சீல் போலவே தோன்றுவதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரையும் இக்னிஷன் பாகங்களையும் பாலிதீன் தாளால் மூடிவிட்டு, அந்தப் பகுதி முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவிடு. காய்ந்ததும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை அதன் மேல் லேசாகத் தூவு. மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வா. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் முதல் சில நிமிடங்களில்தான் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். சுவிட்ச் துளையில் கசிவு இருந்தால் பவுடர் அங்கே அப்போதே நனைந்து கறுக்கும். நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கிருந்துதான் தேட வேண்டும். அழுத்தத்தால் வரும் கசிவு எஞ்சின் ஓடும்வரைதான் வரும் என்பதையும் நினைவில் வை. நிறுத்திய பிறகு தரையில் விழுவது, ஏற்கெனவே வெளியே வந்து தேங்கியிருந்ததுதான்.

இனி என் சந்தேகத்தைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகள் கடையில் உட்கார்ந்து ஆயில் சீலும் பேக்கிங்கும் விற்றவளுக்கு, மரை பொருந்தாமல் திரும்பி வரும் சாமான்களைப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. நீ வாங்கிய சென்சாரின் பெட்டியில் 1/8 என்.பி.டி. என்று அச்சிட்டிருக்கிறது, அது அமெரிக்கக் குழாய் மரை. ஜப்பானிய வழியில் வந்த பழைய எஞ்சின்களில் ஆயில் சுவிட்ச் துளை பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி. டேப்பர், அதாவது கூம்பு மரை; அது பிரிட்டிஷ் வழி மரை, நம் நாட்டுக் குழாய்க் கடைகளில் கிடைப்பதும் அந்த வகைதான். இரண்டுக்கும் பெயர் 1/8 அங்குலம் என்பதால் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்க மரையில் ஓர் அங்குலத்துக்கு 27 சுற்றும், பிரிட்டிஷ் மரையில் 28 சுற்றும் உண்டு. பல்லின் கோணம் அதில் 60 பாகை, இதில் 55 பாகை. குறுக்களவிலும் அமெரிக்க மரை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனானது. அதனால் தவறான துளையில் அது இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறி, பிறகு இறுகி நின்றுவிடும். இறுக்குகிறவருடைய கைக்கு வேலை சரியாக முடிந்தது போலவே தோன்றும், ஆனால் பற்களுக்கிடையே ஆயில் சுற்றி வெளியேற வழி இருந்துகொண்டே இருக்கும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு வகைக்குமே 14 சுற்றுதான் என்பதால், அந்த அளவுகளில் மாற்றிப் போட்டு எப்படியோ ஒப்பேற்றியவர்கள், 1/8-லும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

இதைச் சரிபார்க்கப் பழைய சுவிட்சையும் புது சென்சாரையும் கழற்றி, மரையோடு மரை பதியும்படி பக்கவாட்டில் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரே வகையென்றால் இடைவெளியில்லாமல் பதியும். வேறு வகையென்றால் சற்றுத் தள்ளி ஒளிக்கீற்று தெரியும். மரை கேஜ் கிடைத்தால் அதை வைத்தே பார்த்துவிடு. பித்தளை 'டி'யின் மூன்று வாய்களையும் தனித்தனியாகச் சோதி, ஏனென்றால் தவறு எந்த வாயில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

மரை வேறாக இருந்தால், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம் என்று எவரையும் விடாதே. கூம்பு மரை உள்ளே போகப் போக ஆப்பு அடித்தது போலத் துளையை விரிக்கும். அலுமினிய வார்ப்பில் விரிசல் விட்டால் பத்து ரூபாய் வேலை பல்லாயிரமாகும். டெஃப்லான் டேப்பைச் சுற்றச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதன் கிழிசல் உள்ளே போனால் ஆயில் பாதையை அடைக்கும். ஒற்றை ஒயர் சென்சார்கள் தம் உடம்பின் வழியாகவே எர்த் எடுப்பதால், தடிமனாகச் சுற்றிய டேப் அந்தத் தொடர்பைக் கெடுத்து, முள்ளைத் தாறுமாறாகக் காட்டவும் வைக்கும். கடையில் யார் டேப் கேட்டாலும் எதற்கு என்று கேட்காமல் அப்பா கொடுக்க மாட்டார் என்பது உனக்குத் தெரியும்.

இன்னொரு குறையும் படத்தில் தெரிகிறது. கனமான சென்சார் பித்தளை 'டி'யின் நுனியில் எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் அதிர்வில் பித்தளை நாளடைவில் மரையின் அடியில் கீறல் விட்டு ஒருநாள் முறிந்துவிடும். அப்போது சொட்டாது, பீய்ச்சியடிக்கும். ஆகவே எஃகில் கடைந்த ஒரு அடாப்டரும் (ஒரு முனையில் பி.எஸ்.பி. ஆண் மரை, மறு முனையில் என்.பி.டி. பெண் மரை), பின்னல் போட்ட உயர் அழுத்த ஹோஸ் ஒன்றும் போதும். 'டி'யையும் சென்சாரையும் அந்த ஹோஸின் மறுமுனையில் வைத்து, பாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்திவிடலாம். சென்சார் எஞ்சினை விட்டு வெளியே வந்துவிடுவதால் அதற்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுக்க மறக்கக் கூடாது.

மாட்டும்போது பழைய பேஸ்ட்டையும் ஆயிலையும் மரையிலிருந்து முழுவதும் துடைத்துவிட்டு, நுனியில் ஒரு சுற்று மரையை வெறுமனே விட்டு, அடுத்த சுற்றுகளில் மட்டும் ஆயில் தாங்கும் பைப் சீலன்ட்டை மெலிதாகத் தடவு. கையால் முடிந்தவரை ஏற்றி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று அளவுக்கு இறுக்கினால் போதும். ஒயர் வரும் திசை சரியில்லையே என்று பின்னோக்கித் திருப்பினால் பிடி விட்டுவிடும். அப்படித் திருப்ப நேர்ந்தால் கழற்றித் துடைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். சீலன்ட் டப்பாவில் எழுதியுள்ள நேரம் கடந்த பிறகே ஸ்டார்ட் செய். இவ்வளவுக்குப் பிறகும் பவுடர் கீழே மட்டும் நனைந்தால், அப்போது பின்பக்க சீலைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன்பு, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல், அது அடைத்தால் நல்ல சீலும் கசியும்.

மே மாதக் கோடை விழாவுக்கு இந்த வண்டியிலேயே வந்து ஏற்காடு போகலாம் என்று சொல்லியிருந்தாய். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறும்போது காற்றோட்டம் குறைந்து எஞ்சின் அறை கொதிக்கும். சைலன்சர் மேனிஃபோல்டில் ஆயில் பட்டால் புகையோடு போகாமல் தீயும் பிடிக்கலாம். கசிவு நின்றது உறுதியான பிறகே மலையைப் பற்றி யோசி. மீட்டர் வந்துவிட்டதே என்று டேஷ்போர்டின் சிவப்பு விளக்கைக் கழற்றவும் வேண்டாம். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறவள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி உடனே நிறுத்து.

சூரமங்கலத்து லேத்தில் அடாப்டரைக் கடைந்து வாங்கிவிடலாம் என்று அப்பா சொல்கிறார். ஆனால் பழைய சுவிட்சின் மரையை அளந்த பிறகுதான் லேத்தில் சொல்லிவிட முடியும். அந்தச் சுவிட்சை ஒரு தாளில் சுற்றி இந்த வாரமே கூரியரில் அனுப்பு. அதுவரை அந்தத் துளையில் மெக்கானிக்கிடம் வேறொரு சரியான சுவிட்ச் வாங்கி மாட்டி, டிப் ஸ்டிக்கைத் தினமும் பார்த்துக்கொள். ஹோஸ் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையும் ஒரு நூல் வைத்து அளந்து எழுது.

அன்புடன்,
அம்மா