உனக்கு அடுத்து யார்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கல்லூரி மரவேலைப் பட்டறைக்கு நீ எழுதி அனுப்பிய ஐந்தாண்டுத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பெருமையாக இருந்தது. இரண்டாவது தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். திட்டிவிட்டேன் என்று நினைக்காதே.

பதினெட்டுப் பக்கத்தில் பதினொரு பக்கம் மிஷின்தான். கம்ப்யூட்டர் சொல்படி மரத்தை வெட்டிக் குடைகிற சிஎன்சி ரவுட்டர், புதுத் தூசி உறிஞ்சி, பழைய டேபிள் ரம்பங்களை மாற்றுவது. எதுவும் தப்பில்லை. கேபினட் கடைக்காரர்கள் சிஎன்சி தெரிந்த பிள்ளைகளைத்தான் கேட்கிறார்கள் என்று உன் ஆலோசனைக் குழு சொல்கிறதே, அது உண்மைதான். கையால் இழைத்தவன் என்பதற்காக நான் அந்த மிஷினோடு சண்டைக்கு நிற்கப்போவதில்லை. தூசி உறிஞ்சியில் மட்டும் ஒரு காசு குறைக்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே முதல் வகைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நான் நாற்பது வருஷம் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அதை உன் மாணவர்களிடம் வீரக்கதையாகச் சொல்லாதே.

ரம்பம் பற்றி ஒன்று. போன தடவை உன் பட்டறைக்கு வந்தபோது ஒரு பையன் ஈரம் காயாத பலகையை உள்ளே தள்ளினான். டமார் என்று ஒரு சத்தம். எல்லோரும் அவன் கையைத்தான் பார்த்தோம். கைக்கு ஒன்றும் இல்லை. பிளேடுதான் மேஜைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. விரல் பட்டால் உடனே நிற்கிற ரம்பம் அது. ஈரத்தை விரல் என்று நினைத்து, ஐந்து மில்லி நொடிக்குள் ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லைக் கவ்வியிருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த பிரேக் கட்டை புதிதாக வேண்டும், பிளேடும் பெரும்பாலும் போய்விடும். ரம்பம் வாங்கப் பணம் எழுதியிருக்கிறாய். இதற்கு எங்கே? வாங்குகிற காசு ஒருமுறை கிடைத்துவிடும். ஓட்டுகிற காசு வருஷா வருஷம் வேண்டும். பிளேடு தீட்ட, வடிகட்டி மாற்ற, பசை, உப்புத்தாள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டத்தில் தனியாக ஒரு வரி எழுது. ஏழாம் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

சரி, என்னை உறுத்தியது அதுவல்ல. பதினெட்டுப் பக்கத்திலும் உனக்கு அடுத்து யார் என்று ஒரு வரி இல்லை.

முழுநேர ஆசிரியர் நீ ஒருத்திதான். மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவர் இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு என்கிறார். அந்த இடத்தைக் கல்லூரி நிரப்பாமல் விட்டால் யாரும் கூட்டம் போட்டுப் பட்டறையை மூட வேண்டியதில்லை. முதலில் ஒரு வகுப்பு குறையும், அப்புறம் சேருகிறவர்கள் குறைவார்கள், அப்புறம் அந்தக் கட்டடத்தை வேறு துறை கேட்கும். என் பட்டறையும் அப்படித்தான் போனது. மிஷின் இல்லாமல் அல்ல. கதவு நிலைக்கு ஆர்டர் கையில் இருந்தது, உளி தீட்டத் தெரிந்தவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு அடுத்தவனை நான் பழக்கவில்லை, நேரமில்லை என்று.

கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராகில் ஜேம்ஸ் கிரெனோவ் என்ற மரவேலைக்காரர் 1981ல் தொடங்கிய மரவேலைப் பள்ளியைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். அவர் 2009ல் இறந்துபோனார். நடத்திய கல்லூரி மாறியது, பள்ளியின் பெயரும் மாறியது, பட்டறை இன்றும் நடக்கிறது. எப்படி என்று யோசித்துப் பார். அவருக்குப் பின் அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் அங்கேயே படித்தவர்கள்.

உன் கதையும் அதுதானே. பகலில் கம்ப்யூட்டர் வேலை, சாயங்காலம் பட்டறை. ஒரே வகுப்பில் மறுபடி மறுபடி சேர்ந்தாய். நாற்காலி ஒன்றையே மூன்று வருஷம் செய்கிறாள் என்று உன் அம்மா சிரித்தாள். அந்த மூன்று வருஷத்தில்தான் உன் ஆசிரியர் உன்னைக் கவனித்தார், பக்கத்து மேஜைக்காரனுக்கு இழைப்புளியைச் சரிசெய்து கொடு என்று உன்னை அனுப்பினார். இன்று அப்படி ஒருத்தி வந்தால் முடியுமா? 2013க்கு அப்புறம் கலிபோர்னியாவின் உங்கள் மாதிரிக் கல்லூரிகளில், பட்டத்துக்குக் கணக்காகிற கிரெடிட் வகுப்பைத் தேறிவிட்டுத் திரும்ப எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதே. பாட அளவில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டத் தயாராக இருந்தாலும் கதவு சாத்தியிருக்கிறது.

பட்டத்துக்குக் கணக்கில் சேராத ‘நான்-கிரெடிட்’ வகுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கட்டணமும் இல்லை என்று நீயே ஒருமுறை போனில் சொன்னாய். அப்புறம் ஏன் திட்டத்தில் அது வெறும் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது? சாயங்கால வகுப்பை அந்த வழியாகத் திற. பட்டம் முடிக்க வராதவர்களுக்கு எதற்கு இடம் என்று கூட்டத்தில் கேட்பார்கள். எண்ணிக்கை காட்டச் சொல்வார்கள். பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரிகிறது. அந்த வகுப்பில் கை பழகியவர்களை உதவியாளராக வைத்துக்கொள்ள வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று சம்பளத்தோடு எழுது. சும்மா வந்து உதவுகிறவரை நம்பித் திட்டம் போடாதே.

இதற்காக சிஎன்சி இரண்டுக்குப் பதில் ஒன்று போதும் என்றால் ஒன்றே வாங்கு. இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

அன்றைக்கு ஜன்னலோர மேஜையில் ஒரு பெண்மணி இருந்தாரே, நரைத்த முடி, இடது கைக்காரர். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் சேர்த்துக்கொண்டிருந்த மர மூட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சுத்தியலை எடுக்கவில்லை. துளைக்குள் போகிற மர நாக்கில் பென்சில் கரியைத் தேய்த்து உள்ளே விட்டு எடுத்தார், கரி மழுங்கின இடத்தில் மட்டும் ஒரு சீவல் எடுத்தார், மறுபடி விட்டார். நாலாவது தடவை கையாலேயே உட்கார்ந்தது. அப்புறம் பக்கத்தில் திணறிக்கொண்டிருந்த பையனிடம் தன் பென்சிலை நீட்டினார்.

அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், எத்தனை நாள் வர முடியும் என்று அடுத்த வாரம் கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா