குட்டி தூங்கும் இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. நாய்க்குட்டி வாங்கிய சந்தோஷத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு, மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கூண்டைக் கூடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு நீங்கள் மாடியில் படுப்பதாகச் சொன்ன வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

எட்டு வாரக் குட்டி அது. போன வாரம்வரை தாயின் வயிற்றுச் சூட்டில், கூடப் பிறந்ததுகளின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கியது. இருட்டில் தனியாக விட்டால் அழாமல் என்ன செய்யும்? அழவிட்டால் பழகிவிடும் என்று எனக்கும் சொன்னார்கள். என் முதல் நாயை அப்படித்தான் விட்டேன். நான்காம் நாள் சத்தம் ஓய்ந்தது, பழகிவிட்டது என்று நம்பினேன். ஆனால் அதற்கப்புறம் கூண்டைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

அதனால் இன்று ராத்திரியே கூண்டைத் தூக்கி உன் கட்டிலோரம் வை. கையை நீட்டினால் அதற்கு உன் விரல் வாசனை தெரிய வேண்டும். இப்போது என்னோடு இருக்கும் நாய், இவளுக்கு அப்படித்தான் செய்தேன். நிம்மதியாகத் தூங்கப் பழகிய பிறகு, தினம் கொஞ்சமாக அறை வாசல் பக்கம் நகர்த்தினேன்.

நடு ராத்திரி அழுகை பெரும்பாலும் ஒன்றுக்கு வருகிற அழுகை. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள், ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அடக்கும். உன் குட்டிக்கு மூன்று மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. அது அழுவதற்கு முன்னால் நீ அலாரம் வைத்து எழுந்துவிடு. தூக்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடு. விளக்கு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். விளையாட்டு காட்டினால் நாளைக்கும் அதே நேரத்துக்கு உன்னை எழுப்பும்.

வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிய கூண்டாக வாங்கியிருக்கிறாய். ஒரு மூலையில் தூங்கி இன்னொரு மூலையை நனைக்க அது வசதியாகிவிடும். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் விட்டு நடுவில் ஒரு தடுப்பு வை. உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடு, கம்பியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து.

பகலில் கதவைத் திறந்து வைத்துச் சாப்பாட்டை உள்ளேயே போடு. தானாகப் போய்ப் படுக்கட்டும். அப்புறம் ஒரு நிமிஷம் சாத்து, திற. மெதுவாக நேரத்தைக் கூட்டு. செருப்பைக் கடித்தது என்று கோபத்தில் மட்டும் உள்ளே தள்ளாதே. ஒரு தடவை தண்டனையாகிவிட்டால் பிறகு அது தூங்கும் இடமாக மாறுவது பெரும்பாடு.

என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இந்தக் கடிதமே கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். இவள் கூண்டின் கதவைக் கழற்றி மூன்று வருஷமாகிறது. இப்போதும் இடி இடித்தால் அதற்குள்தான் போய்ச் சுருண்டுகொள்கிறாள்.

குட்டிக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்