தண்ணில நிக்கிற ஆளையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம். தண்ணில ஆளுங்கள நிக்க வெச்சு போட்டோ எடுக்குறத பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா லென்ஸ் லென்ஸ்னே பேசிட்டு, நனைஞ்சு நிக்கிற ஆள பத்தி ஒரு வரி கூட இல்ல. காத்த விட தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்ட இழுத்துடும், நாம கரையில நின்னுட்டு "இன்னும் ஒண்ணே ஒண்ணு"ன்னு கேட்டுட்டே இருப்போம், அங்க உதடு வெளுத்து பல்லு கிடுகிடுன்னு அடிக்கும், அப்புறம் எங்கருந்து சிரிப்பு வரும்? தரை வரைக்கும் தொங்குற டிரஸ் நனைஞ்சா கால சுத்திக்கும், அலை வந்தா எந்திரிக்கவே விடாது. எடுக்குறவர் கண்ணு கேமராவுல பாக்குற வியூஃபைண்டர்லயே இருக்கும், அதனால அலைய பாக்கன்னே தனியா ஒருத்தர் வேணும், அவர் கையில செல்போன் இருக்கவே கூடாது.

லென்ஸ் முன்னாடி மாட்டித் திருப்புற போலரைசர் ஃபில்டர் போட்டா தண்ணியோட பளபளப்பு போயிடும்னு போட்டிருந்தீங்க, சரிதான், ஆனா முழுசா திருப்பினா தண்ணில விழுற முகத்தோட பிம்பமும் சேந்து போயிடும், அத மாட்டினாலே வெளிச்சமும் ஒண்ணு ரெண்டு ஸ்டாப் அடிபடும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்). மெதுவா திருப்பிப் பாத்து பாதியில நிறுத்தலாம். தண்ணிக்கடியில செவப்புதான் மொதல்ல காணாமப் போகும், சில மீட்டர் எறங்கினாலே முகம் நீலம் பாஞ்சிடும், அத பத்தியும் யாரையாவது எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்