அந்தோணியார் பிறந்த ஊரிலிருந்து

லிஸ்பன்,
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ்! நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அக்கா பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

நேற்று அந்தோணியார் திருநாள். கோயில் வாசலில் நின்று போன் போட்டேன், கூட்டச் சத்தத்தில் பாதி உனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் பதுவை அந்தோணியார் என்றே சொல்லி வளர்ந்தோம். இங்கே அப்படிச் சொன்னால் உடனே திருத்துகிறார்கள். அவர் லிஸ்பன் அந்தோணியாராம். உண்மைதான், பிறந்தது இந்த ஊரில், 1195 வாக்கில். இறந்துதான் இத்தாலியின் பதுவைக்குச் சொந்தமானார். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் இங்குள்ள கோயிலைக் கட்டியிருக்கிறார்கள், பேராலயத்துக்குக் கொஞ்சம் கீழே. 1755 பூகம்பத்தில் பழைய கோயில் இடிந்துபோக, மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கீழே நிலவறைக்குப் படி இறங்கிப் போய் முழந்தாளிட்டேன். உவரிக் கோயிலில் சுரூபத்தைத் தொட்டு என் நெற்றியில் வைப்பாயே, அந்த உன் கைதான் நினைவுக்கு வந்தது. போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் கொண்டுவந்த சுரூபம் என்று நீ கதை சொல்வாய். அந்தக் கப்பல்காரர்களின் ஊரில்தான் அம்மா இப்போது நான் இருக்கிறேன்.

ஒரு விஷயம் உன்னிடம் மறைத்திருந்தேன். ஓட்டல் வேலை என்று மட்டும்தானே சொன்னேன்? பரிமாறும் வேலை இல்லை, பாத்திரம் கழுவுகிறேன். நீ வருத்தப்படுவாய் என்று ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லத் தைரியம் கொடுத்தவர் அந்தோணியார்தான். அவர் கதையைக் கேள்.

இளவயதிலேயே இந்த ஊர் மடத்தில் சேர்ந்தார். நண்பர்கள் ஓயாமல் பார்க்க வந்ததால் கொயிம்பிரா என்ற ஊர் மடத்துக்கு மாறிப் போனார். 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்களை அங்கே கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்தவர் தானும் அப்படியே உயிர் கொடுக்க வேண்டும் என்று பிரான்சிஸ்கன் சபைக்கு மாறி, அந்தோணி என்று பெயர் வைத்துக்கொண்டு மொராக்கோவுக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் கடுமையான நோய். திரும்பிய கப்பலைக் காற்று சிசிலிக்குத் தள்ளிக்கொண்டு போனது. நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை, ஊருக்கும் வந்து சேரவில்லை. இத்தாலியில் அவரை யாருக்கும் தெரியாது. மொந்தேபவோலோ என்ற மலையில் ஒரு சின்ன மடத்தில் பூசை வைத்தார், தரை பெருக்கினார், சமையலறையில் பாத்திரம் கழுவினார். அத்தனை படித்தவர் அம்மா, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

1222-இல் பொர்லி என்ற ஊரில் ஒரு குருப்பட்ட விழா. பிரசங்கம் சொல்ல யாரும் தயாராக வரவில்லை. சரி, நீ ஏதாவது சொல் என்று பெரியவர் இவரை நிறுத்தினார். அன்றைக்குத்தான் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் ஊர் ஊராகப் பிரசங்கம்தான். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நாக்கு மட்டும் கெடாமல் இருந்தது.

காணாமல் போனதைத் தேடித் தருபவர் என்றுதானே நாம் அவரிடம் போகிறோம். கடன்பட்டவர்களுக்காகவும் அவர் நின்றிருக்கிறார். கடனைக் கட்ட முடியாதவர்களைப் பதுவையில் சிறையில் போட்டுவிடுவார்களாம். இருக்கும் சொத்தை ஒப்படைத்துவிட்டால் ஆளைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1231 மார்ச்சில் அந்த நகரம் சட்டம் போட்டது, இவர் கேட்டதால். வள்ளத்துக்காக வாங்கிய வட்டிப் பணத்துக்கு அப்பா தலைகுனிந்து நின்ற நாள் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அன்றைக்கு நீ ஓடிப்போய் நின்றதும் இவர் சன்னிதியில்தான். சரியான ஆளிடம்தான் போயிருக்கிறாய்.

சட்டம் வந்த அந்த 1231-லேயே ஜூன் 13, வெள்ளிக்கிழமை அந்தோணியார் இறந்துவிட்டார். வயது முப்பத்தாறு வாக்கில்தான். அடக்கம் செய்தது செவ்வாய்க்கிழமை. நீ செவ்வாய்தோறும் நவநாளுக்குப் போவதற்குக் காரணம் அதுதான். ஒரு வருஷம் முடிவதற்குள் புனிதர் பட்டமும் கொடுத்துவிட்டார்கள்.

திருவிழாவைச் சொல்லாமல் விட்டால் அக்கா கோபிப்பாள். 12-ஆம் தேதி இரவு அல்பாமா தெருக்களில் நடக்கவே இடமில்லை. சந்து முழுக்கக் காகிதத் தோரணம், வாசலுக்கு வாசல் அடுப்பு, அதில் சாளை மீன்! நம்ம சாளைதான், கல் உப்புப் போட்டுச் சுட்டு ரொட்டியின் மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்த வாசத்தில் கண் கலங்கிவிட்டது. சின்னத் தொட்டியில் திருநீற்றுப் பச்சிலை மாதிரி ஒரு செடி விற்கிறார்கள், காகிதப் பூவும் நாலு வரிப் பாட்டும் செருகி. அதில் மூக்கை வைத்து முகரக் கூடாதாம், உள்ளங்கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும். கல்யாணம் கூடிவரவும் இவரிடம்தான் வேண்டுகிறார்கள். நகராட்சியே பல ஜோடிகளுக்கு ஒன்றாகத் திருமணம் செய்து வைக்கிறது. அக்கா நாத்தனாருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டேன்.

விசா அட்டை இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் இந்த வருஷம் ஊருக்கு வர முடியாது. அழாதே. வட்டிக்குப் பணம் வழக்கம்போல் முதல் வாரத்தில் வந்துவிடும்.

நேற்று கோயிலில் மந்திரித்த சின்ன ரொட்டி வாங்கினேன். ஏழைகளுக்கு அந்தோணியார் பெயரால் கொடுக்கும் ரொட்டி, நம்ம கோயிலில் போடும் அசனச் சாப்பாடு மாதிரி. ஒன்றை வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருப்பார்களாம். என் அறையில் இருக்கும் தூத்துக்குடிப் பையன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வை. காய்ந்துதான் இருக்கும், எறும்பு வராமல் பார்த்துக்கொள்.

உன் அன்பு மகன்